கண் சிமிட்டாத கேப்பிபாரா

சால்தோ நகரத்து உள்ளூர் டிவியில்
மாலை ஆறு மணிக்கு
நாடாவைச் செருகுகிறவள் நான்.
பத்தொன்பது வருடமாக அதே கேப்பிபாரா
அதே படகிலிருந்து இறங்கி
அதே தொப்பியைக் கழற்றுகிறது.
தொப்பிக்குள்ளிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டு விழும்.
ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

நிறுத்திவிடலாமா என்று
புது மேலாளர் கூட்டம் போட்டார்.
அதற்கு முந்தின நாளே செய்தி கசிந்து
தொலைபேசி ஓயவில்லை.
ரொட்டிக்கடை எலாடியோ அழுதார்.
பல் டாக்டர் ஒருத்தி
அச்சில் ஏற்ற முடியாதபடி திட்டினாள்.
ஆற்றின் அக்கரையிலிருந்து, அர்ஜென்டினாவிலிருந்துகூட
ஒரு லாரி டிரைவர்.
குறித்துக்கொண்டே வந்தேன்:
நூற்றுப் பதினேழு அழைப்பு.
ஒரு குரலுக்கும் நாற்பது வயதுக்குக் குறைவில்லை.

எனக்கும் ஐம்பத்து மூன்று. புரியாமல் இல்லை.
எங்கள் காலத்தில்
ஆறு மணிக்குக் கேப்பிபாரா,
ஆறு ஐந்துக்கு ராணுவத்தின் அறிக்கை.
இரண்டுக்கும் நடுவே அப்பா எழுந்துபோய்
ஒலியைக் குறைப்பார்.
பொய் சொல்லாத ஐந்து நிமிடம் என்று
ஊரே நம்பிய ஐந்து நிமிடம் அது.

கூட்டத்தில் ஹசிந்தோ பேசினான், கேமராக்காரன்.
அந்த அறையில் ஒரே கறுப்பு முகம் அவனுடையது.
"நாப்பத்தொண்ணாவது பாகம் ஞாபகம் இருக்கா?"
யாருக்கும் இல்லை.
எனக்கு இருந்தது. வாய் திறக்கவில்லை.

தெருமுரசு அடித்துக்கொண்டு ஒரு பொம்மை வரும்,
முகம் முழுக்கக் கரி.
எது சொன்னாலும் தலைகீழாய்ப் புரிந்துகொள்ளும்.
கடைசியில் முரசோடு ஆற்றில் விழும்.
நான் சிரித்திருக்கிறேன்,
சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"மறுநாள் பள்ளிக்கூடத்துல என் பேர் போச்சு,"
என்றான். "படிப்பு முடியிறவரைக்கும்
அது திரும்பி வரலை."

மேலாளர் சட்டென்று பேனாவைத் திறந்தார்.
"அந்த ஒன்றை மட்டும் அழித்துவிடலாமே?"

"வேண்டாம்.
அழிச்சா எனக்கு அது நடக்கவே இல்லைன்னு ஆயிடும்.
போடுங்க. ஆனா ராத்திரி பத்து மணிக்கு.
போன் பண்ணின நூத்திப் பதினேழு பேரும்
உட்கார்ந்து பார்க்கட்டும்.
ஆறு மணி பிள்ளைங்களோடது.
அவங்களை யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை.
ஓட்டு நடந்தது.
மூன்று கை மேலே, மூன்று கை மேஜைமேல்.
ஊழியர் சார்பில் ஏழாவது கை என்னுடையது.

என் பையில் ஒரு கடிதம் கிடந்தது.
யாரிடமும் காட்டவில்லை.
பென்சில் எழுத்து, பாதியில் முனை உடைந்து
மெழுகுக்குச்சியில் தொடர்ந்திருந்தது.
"அது ஏன் கண்ணைச் சிமிட்டுவதே இல்லை?
எனக்குப் பயமாக இருக்கிறது.
அதற்குத் தூக்கம் வராதா?
மிலாக்ரோஸ், வயது ஆறு."

கையைத் தூக்கினேன், பத்து மணிக்காக.
எலாடியோ இப்போதும்
எனக்கு நேற்றைய ரொட்டியைத்தான் எடுத்துத் தருகிறார்.

முதல் இரவே நாற்பத்தொன்றைச் செருகினேன்.
கரி முகம் வந்தது, முரசு வந்தது, ஆறு வந்தது.
நாடாவிலிருந்த சிரிப்பு மட்டும் தனியாகச் சிரித்தது.
தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன்.
ஒரு தடவைகூட அடிக்கவில்லை.
ஹசிந்தோ மாத்தே குடித்து முடித்து,
குடுவையைக் கழுவி வைத்துவிட்டு
விளக்கை அணைக்காமல் போய்விட்டான்.

பிறகு கிடங்கில் அட்டைப்பெட்டியைத் திறந்தேன்.
கேப்பிபாரா மல்லாந்து கிடந்தது,
நினைத்திருந்ததைவிடச் சின்னதாக,
என் முழங்கை நீளம்கூட இல்லாமல்.
கைவிட்டுப் பார்த்தேன்: உள்ளே
யாருடைய விரலுக்கோ தேய்ந்த பள்ளம்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
"மிலாக்ரோஸ்,
அவை கண்கள் இல்லை, கோட்டுப் பொத்தான்கள்.
ஒன்று கறுப்பு. மற்றது கருநீலம்.
டிவியில் வித்தியாசம் தெரியாது."
அதற்குமேல் ஓடவில்லை.
கடைசியில் இப்படிக் கேட்டுக் கவரை ஒட்டினேன்:
"ஆறு மணிக்கு உனக்கு என்ன வேண்டும்?"

பதில் வரவில்லை இன்னும்.
ஆறு மணிக்கு, தற்காலிகமாக,
வானிலை அறிக்கை ஓடுகிறது.